வட்டியில்லாப் பணத்துக்கும் தவணை உண்டு

கேள்வி: ஒட்டன்சத்திரம் பகுதியில் சிறு விவசாயிகளுக்குச் சூரிய உலர்த்திகளை வாடகைக்கு அளிக்கும் ஸ்டார்ட்அப் ஒன்றை நடத்துகிறோம். சமூக நலனை நோக்கமாகக் கொண்ட வென்ச்சர் கேப்பிட்டல் நிதியம் ஒன்று, 20 சதவிகிதப் பங்குக்கு 2 கோடி ரூபாய் தர முன்வந்துள்ளது. வட்டியும் இல்லை, அடமானமும் இல்லை. ஏற்கலாமா?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ஏற்கலாம், ஆனால், அந்த நிதியம் எந்த ஆண்டில் தொடங்கப்பட்டது, எந்த ஆண்டில் முடிகிறது என்பதை முதலில் கேளுங்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. வென்ச்சர் கேப்பிட்டல் நிதியம் என்பது, வளரும் நிறுவனங்களின் பங்கை வாங்கிப் பின்னர் லாபத்துக்கு விற்கும் நிதியம். அவர்கள் தருவது பிறரிடம் திரட்டிய பணம். அந்த முதலீட்டாளர்களுக்கு அதை அவர்கள் குறித்த காலத்துக்குள் திருப்பித் தந்தாக வேண்டும். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2012-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, இத்தகைய நிதியங்கள் காலவரம்பு உடையவை; முதலீட்டாளர்களின் ஒப்புதலோடு இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். பத்தாண்டு நிதியம் தன் ஆறாம் ஆண்டில் உங்களைத் தேடி வந்தால், நான்கே ஆண்டுகளில் உங்கள் நிறுவனத்தில் தனக்குள்ள பங்கை விற்க ஆள் தேடத் தொடங்கிவிடும்.

கணக்கைப் பாருங்கள். 20 சதவிகிதத்துக்கு 2 கோடி என்றால், இன்று உங்கள் நிறுவனத்தின் மதிப்பு 10 கோடி. அவர்கள் நான்கு மடங்கு எதிர்பார்த்தால், அது 40 கோடியாக வளர வேண்டும். சிறு விவசாயிகள் தரும் வாடகையை மட்டும் கொண்டு அந்த உயரத்தை எட்ட முடியாதபோது, வாடகையை உயர்த்தவோ, பெரிய ஏற்றுமதி நிறுவனங்களின் பக்கம் திரும்பவோ இயக்குநர் குழுவில் வற்புறுத்தல் எழும். எவருடைய கெட்ட எண்ணமும் இல்லாமலே நோக்கம் மாறிப்போவது இப்படித்தான்.

எஸ்.கே.எஸ். மைக்ரோஃபைனான்ஸை நினைத்துப் பாருங்கள். ஏழைப் பெண்களுக்குக் கடன் வழங்கும் தொண்டு அமைப்பாக 1997-இல் தொடங்கிய அது, பின்னர் வணிக நிறுவனமாகி, வென்ச்சர் கேப்பிட்டல் பணத்தோடு வேகமாக வளர்ந்து, 2010 ஆகஸ்டில் பங்கு ஒன்று 985 ரூபாய்க்குச் சந்தைக்கு வந்தது. நுண்கடன் நிறுவனங்களின் கடுமையான வசூல் முறைகள் பற்றியும், கடன் பெற்றோர் தற்கொலைகள் பற்றியும் செய்திகள் எழுந்ததால், அதே ஆண்டு அக்டோபரில் ஆந்திர அரசு அந்நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் பங்கு விலை நூறு ரூபாய்க்கும் கீழே இறங்கியது. பங்குதாரர்களின் இழப்பைவிட, அந்தப் பெண்கள் பட்ட பாடுதான் என்னை இன்றும் வருத்துகிறது.

எனவே, உடன்படிக்கையில் இரண்டைக் கேட்டுப் பெறுங்கள்: அவர்கள் பங்கை விற்கும்போது வாங்கும் முதல் உரிமை உங்களுக்கு வேண்டும், சிறு விவசாயிகளுக்கான வாடகையை உங்கள் சம்மதமின்றி மாற்றக் கூடாது. இன்னொன்று, மாதந்தோறும் வாடகை ஈட்டும் உலர்த்திகளை வாங்கப் பங்கை விற்காதீர்கள். அதற்கு வங்கிக் கடனே பொருத்தம். வங்கி கடன் தரத் தயங்கும் புதிய வடிவமைப்பு, சோதனை ஓட்டம் போன்றவற்றுக்கு மட்டும் இந்தப் பணத்தை வாங்கினால், 2 கோடிக்குப் பதில் 60 லட்சமே போதுமானதாக இருக்கலாம். கையெழுத்திடும் முன், இந்த நிதியம் ஏற்கெனவே பங்கை விற்று வெளியேறிய நிறுவனம் ஒன்றின் நிறுவனரோடு நீங்களே நேரில் பேசிவிடுங்கள்.