மெதுவாக ஓட்டிய அரை நொடி

அன்புள்ள ஐயா,

வீடியோ நடுவர் வந்தபிறகு ஹாக்கி கெட்டுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். காலில் பந்து பட்டால் தவறு; பந்து போகிற வேகத்தில், அது காலில் பட்டதா மட்டையில் பட்டதா என்று கூடவே ஓடுகிற ஒரு மனிதர் எப்படிச் சொல்வார்? தவறான தீர்ப்பால் பதக்கம் போனால் உங்களுக்குச் சம்மதமா? இது வெறும் பழங்கால ஏக்கம் என்று படுகிறது. மன்னிக்கவும்.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

மன்னிப்பெல்லாம் எதற்கு? ஏக்கமும் கொஞ்சம் உண்டுதான்.

காலில் பட்டதா என்று கேட்டால் வீடியோ நல்ல சாட்சி. அதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. வேண்டுமென்றே செய்தாரா என்று அதனிடம் கேட்கும்போதுதான் வம்பு.

பாரிஸ் ஒலிம்பிக், 2024 ஆகஸ்ட் 4, பிரிட்டனுடன் இந்தியாவின் காலிறுதி. 17ஆவது நிமிடத்தில் நம் தடுப்பாட்டக்காரர் அமித் ரோஹிதாஸின் மட்டை பிரிட்டன் வீரர் வில் கால்னனின் முகத்தில் பட்டது. களத்தில் நின்ற நடுவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீடியோ பார்த்தபிறகு சிவப்பு அட்டை, ஆட்டத்தைவிட்டே வெளியே. அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. முழு வேகத்தில் பார்த்தால், ஆளைத் தாண்டிப் பந்தோடு போகிறவரின் கை தன்போக்கில் உயர்கிறது. மெதுவாக ஓட்டினால் அதே கை நிதானமாக, குறிபார்த்து உயர்வதுபோல் இருக்கிறது. அரை நொடியை ஐந்து நொடியாக இழுத்துவிட்டு, அந்த ஐந்து நொடியும் அவர் யோசித்துக்கொண்டிருந்ததாகக் கண் நம்பிவிடுகிறது.

நம்மவர்கள் பத்துப் பேராக 40 நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, 1-1 என்று முடித்து, கோல்கீப்பரை ஒவ்வொருவராக எதிர்கொள்ளும் ஷூட் அவுட்டில் 4-2 என்று வென்றார்கள். கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் புண்ணியம். ஆனால் ரோஹிதாஸுக்கு அடுத்த ஆட்டத்தில் தடை. எதிரணிக்குப் பெனால்டி கார்னர், அதாவது நம் தவறுக்குத் தண்டனையாகக் கோல் அடிக்கும் வாய்ப்பு, கிடைத்தால் அதைத் தடுக்க முதல் ஆளாகப் பாய்ந்து வருகிறவர் அவர். அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3. அவர் இருந்திருந்தால் வென்றிருப்போம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஜெர்மனியின் முதல் கோல் பெனால்டி கார்னரில் வந்தது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். பதக்கம் போனால் என்று கேட்டீர்களே, வீடியோ இல்லாமல் அந்த அட்டையை யார் நீட்டியிருப்பார்?

வீடியோ பார்க்கச் சொல்லிக் கேட்க ஓர் அணிக்கு ஒரு முறையீடுதான், அது பலிக்காவிட்டால் போய்விடும். சிக்கனமாகச் செலவழிப்பார்கள் என்று நினைப்போம். கடைசி இரண்டு நிமிடத்தில் பாருங்கள். எங்காவது ஒரு கால் சிக்காதா என்று அணித்தலைவர் இரு கைகளாலும் ஆங்கில 'T' எழுத்தைக் காட்டி முறையிட்டுவிடுகிறார். லாட்டரிச் சீட்டுதான்.

2023இல் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை பார்க்கப் போயிருந்தேன். பந்து வலைக்குள் போனதும் எழுந்தோம். வீடியோ பார்க்க வேண்டும் என்று நடுவர் காற்றில் சதுரம் வரைந்தார். தட்டப்போன கைகள் பாதியில் நின்றன. வீரர்கள் தண்ணீர் குடித்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் நின்றபடியே என்னைப் பார்த்துக் கேட்டார்: "இப்போது கத்தலாமா தம்பி, கொஞ்சம் பொறுக்க வேண்டுமா?"