வெயிலும் தார்ச்சாலையும்: பைக் ஓட்டுபவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வேலூரிலிருந்து வாரம் இருமுறை வேலை நிமித்தமாகச் சென்னைக்கு பைக்கில் சென்று வருகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் ஜாக்கெட் அணிந்தால் உடம்பு வேகிறது. அணியாமல் கிளம்பினால் வீட்டில் விடுவதில்லை. நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற ஜாக்கெட் உண்டா? தோல் வாங்கலாமா, துணி வாங்கலாமா?
— வாசகர், வேலூர்

பதில்: வீட்டில் சொல்வதைக் கேளுங்கள். உங்களைத் தயங்க வைப்பது வெயில் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 முதல் 35 டிகிரி வரை இருக்கும். வெளிக்காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் வரைதான் வெறுங்கையில் படும் காற்று சுகமாக இருக்கும். 40 டிகிரியைத் தொட்ட மே மாதத்துக் காற்று 80 கிலோமீட்டர் வேகத்தில் மேலே அடிக்கும்போது, அது வெப்பத்தை உடம்புக்குள் ஏற்றுவதோடு, வியர்வையை வேண்டிய அளவுக்கு மேல் வேகமாக உலர்த்தி உடம்பின் நீரையும் வற்றவைக்கிறது. நடு வெயிலில் களை எடுக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் அனுபவத்தில் அறிந்த உண்மை பைக் ஓட்டுபவருக்கும் அப்படியே பொருந்தும்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது காற்றோட்டமுள்ள மெஷ், அதாவது வலைத்துணி ஜாக்கெட். உள்ளே மெல்லிய பருத்தி பனியனை நனைத்துப் பிழிந்து அணிந்துகொண்டு கிளம்புங்கள். வேலூர், ஆற்காடு பக்கத்து உலர்ந்த காற்றில் அது உலர உலர உடம்பு குளிரும். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிக் கடற்காற்றின் ஈரம் கலந்துவிட்டால் இந்த உத்தி அவ்வளவாகப் பலிக்காது. அங்கே நிழலில் நிறுத்தி, உப்புப் போட்ட மோர் குடித்துவிட்டுப் போவதே நல்லது. மெஷ் ஜாக்கெட்டானாலும் வண்டி நின்றால் வேகத்தான் செய்யும் என்பதால், நெரிசலில் நிற்கும்போது முன்பக்க ஜிப்பைத் தாராளமாகத் திறந்துவிட்டு, நகரத் தொடங்கும்போது மூடிக்கொள்ளுங்கள்.

தோலா துணியா என்ற கேள்வி ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் அக்கம்பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு எழுவது இயல்பே. தார்ச்சாலையில் இழுபடுவதைத் தாங்குவதில், 1.2 மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமனான மாட்டுத் தோலுக்கு இணையான துணிகள் குறைவு. ஆனால் நாகரிக உடையாக விற்கப்படும் மெல்லிய ஆட்டுத்தோல் ஜாக்கெட் சாலைக்கு ஆகாது. தொட்டால் வெண்ணெய் போல் வழுக்கும் அந்த மென்மையே அதன் பலவீனம். மேலும், கோடையில் வாரம் இருமுறை வியர்வையில் ஊறும் தோல் ஜாக்கெட்டை உப்பு அரித்து விறைக்கச் செய்யும். உங்கள் பயணத்துக்கு நான் துணியையே சொல்வேன். ஆனால் மெஷ் முழுவதும் ஓடக் கூடாது. விழும்போது முதலில் தரையில் படும் தோளிலும் முழங்கையிலும் முன்கையின் வெளிப்புறத்திலும் நெருக்கமாக நெய்த கனமான நைலான் துணி இருக்க வேண்டும். மார்பிலும் உட்கையிலும் மெஷ் இருக்கலாம்.

உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். ஈஎன் 17092 என்ற ஐரோப்பியத் தரத்தில் ஏ, ஏஏ, ஏஏஏ என்று வகுப்புகள் உண்டு. அதிகம் அடிபடும் பகுதிகளுக்கான உராய்வுச் சோதனையின் வேகம் ஏ வகுப்புக்கு 45 கிலோமீட்டர், ஏஏ வகுப்புக்கு 70, ஏஏஏ வகுப்புக்கு 120. நெடுஞ்சாலையில் போகும் நீங்கள் ஏஏ வகுப்பைத் தேடுங்கள். வெயிலுக்கான மெஷ் ஜாக்கெட்டுகளில் பல ஏ வகுப்பில் இருப்பதால், தேடல் சற்று நீளும்; பொறுத்துத் தேடுங்கள்.

தோளிலும் முழங்கையிலும் அடியைத் தாங்கும் பேட்களுக்கு ஈஎன் 1621-1 என்ற தனித் தரம் இருக்கிறது. 5 கிலோ எடையை ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்திலிருந்து பேட் மீது விழச் செய்து, மறுபக்கம் எவ்வளவு விசை கடத்தப்படுகிறது என்று அளப்பார்கள். முதல் நிலைப் பேட் சராசரியாக 35 கிலோநியூட்டன் வரை கடத்தலாம். இரண்டாம் நிலையில் 20க்கு மேல் போகக் கூடாது. முதுகுக்கு இன்னும் கடுமை. அங்கே வரம்பு 18, 9 என்று இறங்குகிறது. கடையில் ஜாக்கெட்டின் முதுகுப் பையைத் திறந்து பாருங்கள். பல ஜாக்கெட்டுகளில் தோளில் நல்ல பேட் இருக்கும், முதுகிலோ பாத்திரம் தேய்க்கும் பஞ்சைப் போன்ற ஒரு மெத்தைத் துண்டுதான் இருக்கும். அதை எடுத்துவிட்டு, தரக்குறியீடு அச்சிட்ட முதுகுப் பேட்டைத் தனியாக வாங்கிச் செருகுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்து அளவு தவறினால் பயனில்லை. சில ஆண்டுகளுக்கு முன் திண்டிவனத்துக்கு அருகே, இணைப்புச் சாலை வளைவில் சிதறியிருந்த ஜல்லியில் என் முன்சக்கரம் வழுக்கி விழுந்தேன். வேகம் 40ஐத் தாண்டியிருக்காது. முழங்கால் பேட் அணிந்திருந்தேன், ஆனால் அது எனக்கு ஒரு அளவு பெரியது. எழுந்து பார்த்தபோது பேட் காலின் பக்கவாட்டுக்குத் திரும்பிக் கீறல்கூட இல்லாமல் இருந்தது. அதற்கு இரண்டு விரல் தள்ளி, உள்ளங்கை அகலத்துக்கு முழங்கால் தோல் உரிந்து, சதைக்குள் கருஞ்சல்லி பதிந்திருந்தது. மருத்துவமனையில் அதைப் பல் துலக்கும் பிரஷ் போன்ற ஒன்றால் தேய்த்தே எடுத்தார்கள். அதற்குப் பிறகு எந்த உடையையும் கண்ணாடி முன் நின்று பார்த்து நான் வாங்கியதில்லை. வண்டியில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்த நிலையில் அணிந்து பாருங்கள். முழங்கைப் பேட்டை மறுகையால் பிடித்துத் திருகுங்கள். திரும்பினால் அந்த அளவு உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 62. ஹெல்மெட் நெற்றியில் அழுத்தித் தலை வலிக்கிறது என்று சொல்லி, அதை வண்டியின் கண்ணாடியில் மாட்டிக்கொண்டே போகிறார். "பக்கத்துத் தெருவுக்குத்தானே" என்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது?
— வாசகி, திருச்சி

பதில்: பக்கத்துத் தெரு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வருவது டி. ஈ. லாரன்ஸின் மரணம். முதல் உலகப் போரில் அரேபியப் பாலைவனத்தில் புகழ்பெற்ற அந்த ஆங்கிலேயர், 1935 மே 13 அன்று இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், தம் குடிலுக்கு மிக அருகில், அஞ்சலகத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மீது மோதாமலிருக்கத் தம் மோட்டார் சைக்கிளைத் திருப்பி விழுந்தார். ஹெல்மெட் இல்லை. ஆறு நாட்கள் நினைவிழந்து கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஒருவரான நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களின் தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் ராணுவத்தில் பைக் ஓட்டுபவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமாயிற்று. உங்கள் தந்தையிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாத உரிம இழப்பும் சட்டத்தில் இருந்தாலும், அபராதத்தைச் சொல்லி 62 வயதுக்காரரை மாற்ற முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே.

ஆனால் அவருடைய தலைவலி பொய்யல்ல. சிலருக்குத் தலை உருண்டையாகவும் சிலருக்கு முன்பின்னாக நீண்டும் இருக்கும். நீண்ட தலையில் உருண்டை ஹெல்மெட்டை மாட்டினால் நெற்றி அழுந்தும், பக்கங்களில் இடைவெளி விழும். இது அணிய அணியச் சரியாகிவிடும் வலி அல்ல. அதற்காக ஒரு அளவு பெரிதாக வாங்கவும் கூடாது. வேறு வடிவில் செய்யும் நிறுவனத்தின் ஹெல்மெட்டைப் பார்க்க வேண்டும். புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே டேப்பைச் சுற்றித் தலையை அளந்துகொண்டு, தந்தையைக் கடைக்கே அழைத்துச் செல்லுங்கள். கடையில் குறைந்தது 15 நிமிடம் அணிந்தபடி இருக்கச் சொல்லுங்கள். கழற்றியபின் நெற்றியில் சிவப்புக் கோடு இருந்தால் அது வேண்டாம். கன்னம் இறுகுவது குற்றமில்லை. கன்னப் பஞ்சு சில வாரங்களில் தளரும். பட்டையை மாட்டியபின், பின்பக்கம் பிடித்து மேலே தூக்கினால் ஹெல்மெட் கழன்று வரக் கூடாது.

தாடையையும் மூடும் முழு ஹெல்மெட்டையே வாங்குங்கள், ஐஎஸ்ஐ முத்திரை இருக்கட்டும். 2021 ஜூன் 1 முதல் அந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். சாலையோரத்தில் குவித்து விற்பவற்றில் முத்திரை ஒட்டுத்தாளாக மட்டும் இருப்பதுண்டு. உள்ளே தெர்மாகோல் அடுக்கு கெட்டியாகவும் முழுமையாகவும் இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். அடியை வாங்கிக்கொண்டு நசுங்குவது அந்த அடுக்குதான். ஒருமுறை பலமாக அடிபட்டால், மேல் ஓடு பளபளப்பாகத் தெரிந்தாலும் அந்த ஹெல்மெட் முடிந்துவிட்டது. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைப்பவரானால் உள்ளே மெல்லிய பருத்திக் கைக்குட்டையைக் கட்டிக்கொள்ளலாம். உள்துணியை ஷாம்பூவில் அலசிக் காயவையுங்கள். பெட்ரோலோ தின்னரோ தொடவே வேண்டாம், அவை தெர்மாகோலையும் ஓட்டையும் கெடுக்கும்.

கேள்வி: உணவு விநியோக வேலையில் தினமும் பத்து மணி நேரம் வண்டியில் இருக்கிறேன். மாலையில் விரல்கள் மரத்துப்போகின்றன, இடுப்பும் வலிக்கிறது. என் வருமானத்தில் ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் வாங்க இயலாது. எதை முதலில் வாங்குவது?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் செலவில்லாதவற்றைச் சொல்கிறேன். கைப்பிடியைப் பிடித்தபடி, விரல்களை கிளட்ச், பிரேக் பிடிகளின் மேல் நீட்டிப் பாருங்கள். மணிக்கட்டு மேல்நோக்கி மடங்குகிறதென்றால் பிடிகள் உயரமாகத் திருப்பப்பட்டிருக்கின்றன. மெக்கானிக்கிடம் சொல்லி, முன்கையும் விரலும் ஒரே நேர்கோட்டில் வரும்படி இறக்கச் சொல்லுங்கள். இரண்டு போல்ட்டைத் தளர்த்தி இறுக்கும் வேலைதான். மணிக்கட்டு மடங்கி இருக்கும்போது அதன் நடுவே போகும் நரம்பு நெருக்கப்படுகிறது, எஞ்சின் அதிர்வும் சேர்ந்துகொள்ளும்போது விரல் மரக்கிறது. இரவில் தூங்கும்போதும் மரத்துப்போய் விழிப்பு வந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

பின் பாக்கெட்டில் இருக்கும் தடித்த பர்ஸை இன்றே எடுத்துவிடுங்கள். பத்து மணி நேரம் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்க அது ஒன்றே போதும். உணவுப் பையைத் தோளில் சுமக்காமல், அதன் எடை இருக்கையின் மேல் தங்கும்படி வாரை நீட்டிக்கொள்ளுங்கள். டயர் காற்றழுத்தம் அளவுக்கு மேல் இருந்தாலும் ஒவ்வொரு குழியும் முதுகுத்தண்டுக்கு வரும். வாரம் ஒருமுறை பாருங்கள். தடித்த தையலுள்ள ஜீன்ஸைவிட, உட்காரும் இடத்தில் தையல் இல்லாத பேண்ட் உங்களுக்கு உகந்தது.

வாங்குவதில் என் வரிசை இது: நல்ல ஹெல்மெட், அடுத்து கையுறை, அடுத்து கணுக்காலை மூடும் கட்டுக்காலணி, பிறகு முழங்கால் பேட், ஜாக்கெட் கடைசியில். கையுறையை இரண்டாவதாக வைப்பதற்குக் காரணம் உண்டு. விழும் மனிதன் யாராக இருந்தாலும் கையை ஊன்றுவான். உள்ளங்கைத் தோல் போய்விட்டால் உங்கள் தொழிலில் பல வாரச் சம்பளமும் போய்விடும். உள்ளங்கையில் தோலோ கடினமான துணியோ இரட்டை அடுக்காக இருக்கட்டும். மணிக்கட்டில் பட்டை இறுக வேண்டும். பிடிக்கும் இடத்தில் தடித்த தையல் இருக்கும் கையுறையைத் தவிர்த்துவிடுங்கள். அது மரத்துப்போவதை அதிகமாக்கும். செருப்பில் மட்டும் ஓட்டாதீர்கள். நூற்றுச் சொச்சம் கிலோ வண்டி சாய்ந்தால் முதலில் சிக்குவது கணுக்கால்தான்.

கேள்வி: வேலைக்குச் சேலையில் செல்கிறேன். கணவரின் பைக்கில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்துதான் பழக்கம். நான் அணியத்தக்க பாதுகாப்பு உடை ஏதேனும் உண்டா?
— வாசகி, மதுரை

பதில்: முதலில் வண்டியின் சாரி கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். பின்னிருக்கை உள்ள பைக்கில், பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பு இருந்தே ஆக வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி. அழகுக்காக அதைக் கழற்றிவிடும் வழக்கம் என்னை மிகவும் வருந்தச் செய்கிறது. அதைக் கழற்றியிருந்தால் திரும்பப் பொருத்தும் வரை அந்த வண்டியில் ஏறாதீர்கள்.

முடிந்தால் அலுவலகத்தில் ஒரு சேலையை வைத்துக்கொண்டு, சுடிதாரிலோ பேண்ட்டிலோ இருபக்கமும் கால் போட்டு உட்கார்ந்து போங்கள். ஒருபக்கமாக உட்கார்ந்தவருக்குத் திடீர்ப் பிரேக்கில் பிடிமானம் இல்லை, வண்டியின் எடையும் ஒருபுறம் சாய்கிறது. சேலையில்தான் போக வேண்டுமென்றால், முந்தானையை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் செருகி, அதன்மேல் உங்கள் அளவுக்குச் சரியான மெல்லிய மெஷ் ஜாக்கெட்டை ஜிப் போட்டு மூடுங்கள். முந்தானை பறக்காது, தோளும் முழங்கையும் காக்கப்படும். துப்பட்டாவுக்கும் இதே வழிதான். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம் என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை மழைக்கு உள்ளே மழைத்தடுப்பு அடுக்கு வைத்த ஜாக்கெட் நல்லதா, மேலே போடும் மழைக்கோட்டு நல்லதா?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: மேலே போடுவதே நல்லது. உள்ளடுக்கு உங்களை நனையாமல் காத்தாலும் வெளித்துணி நீரைக் குடித்துக் கனத்து, காற்றில் உடம்பைச் சில்லிட வைக்கும். மழை வந்ததும் சாலையோரம் நின்று ஜாக்கெட்டைக் கழற்றி உள்ளடுக்கை மாட்டவும் வேண்டும். சட்டையும் பேண்ட்டுமாக இருக்கும் மழைக்கோட்டை ஜாக்கெட்டின் மேல் போடும் அளவில் வாங்குங்கள். போர்வை போலத் தொங்கும் வகை வேண்டாம். காற்றில் உப்பிச் சக்கரத்திலும் கைப்பிடியிலும் சிக்கும். நிறம் பளிச்சென்ற மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கட்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒளிரும் அல்லது ஒளியைத் திருப்பும் உடை அணிந்த பைக் ஓட்டுநர்களுக்குக் காயம்படும் விபத்தின் வாய்ப்பு 37 விழுக்காடு குறைவாகவும், கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட வெள்ளை ஹெல்மெட் அணிந்தவர்களுக்கு 24 விழுக்காடு குறைவாகவும் இருந்தது. மழை இரவில் ஹெல்மெட்டின் முகத்தை மூடும் கறுப்பு வைசரைக் கழற்றி, நிறமில்லாத வைசரை மாட்டிக்கொண்ட பிறகே வண்டியை எடுங்கள்.