காணாமற்போன கணவரை இறந்தவர் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: 2006-ல கைக்குழந்தையோட வள்ளத்தில வந்து, மண்டபத்தில பதிஞ்சு, இப்ப காரைக்குடிக்குப் பக்கத்தில முகாமில இருக்கிறன். அவர் தாய் தகப்பனைப் பார்க்கவெண்டு முல்லைத்தீவிலயே நிண்டுட்டார். 2009 மே 18, வட்டுவாகல் பாலத்தடியில ஆமியிட்டச் சரணடைஞ்சதைக் கண்ட ஆக்கள் இருக்கினம். பிறகு ஒரு தகவலும் இல்லை. எனக்குச் சீதனமாத் தந்த காணி அங்க இருக்கு. மகளின்ர படிப்புக்கு அதை விக்கவேணும். அவற்ற தமையன், "மரணச் சான்றிதழ் எடுக்காமல் ஒண்டும் செய்யேலாது, அற்றோணியும் எழுதி அனுப்பு" எண்டு தாள் அனுப்பியிருக்கிறார். ஏழு வருசம் கழிஞ்சால் செத்ததாத்தான் சட்டம் எண்டு முகாமிலயும் சொல்லினம். நான் இண்டைக்கும் பொட்டு வைக்கிறன். என்ன செய்ய?

பதில்: சகோதரி, அந்தத் தாளில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பார்ப்போம்.

நீங்கள் அனுப்பிய காணி உறுதியின், அதாவது பத்திரத்தின், படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். மடிப்பில் மை கரைந்திருக்கிறது. ஆனாலும் "சீதனமாக" என்ற சொல்லும் உங்கள் பெயரும் தெளிவாகத் தெரிகின்றன. அந்த ஒரு சொல் போதும், காணி உங்களுடையது. செட்டிநாட்டில் பெண்ணுக்குக் கொடுக்கும் சீரைக் கரண்டி வரைக்கும் பட்டியல் எழுதி வைப்பார்கள். யார் சொத்து என்று பின்னால் பேச்சு வரக்கூடாது என்பதற்காகத்தான். உங்கள் தகப்பனாரும் அதே கவனத்தோடுதான் எழுதியிருக்கிறார்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வடமாகாணத் தமிழருக்கு உரிய வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படியும் 1911-ஆம் ஆண்டின் யாழ்ப்பாண மணவுரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படியும், மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கக் கணவன் எழுத்தில் சம்மதம் தரவேண்டும். இங்கே 1956-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு பெண்ணுக்குத் தன் சொத்தில் முழு உரிமை கொடுத்துவிட்டது. அங்கே பழைய விதி நிற்கிறது. போரில் கணவரைத் தொலைத்த பெண்களுக்கு இது எவ்வளவு கொடுமை என்று பாருங்கள். சரணடைந்த இடம் தெரிகிறது, கொண்டுபோன இடம் தெரியவில்லை, அவர் கையெழுத்துக்கு எங்கே போவது? அதனால்தான் எல்லாரும் மரணச் சான்றிதழ் என்ற ஒரே வழியைக் காட்டுகிறார்கள்.

ஆனால் அதே 1911 சட்டத்திலேயே இன்னொரு வாசல் இருக்கிறது. கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால், மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு, அவர் சம்மதம் இல்லாமலே விற்க உத்தரவு வாங்கலாம். அவர் இறந்தார் என்று நீங்கள் எங்கும் சொல்ல வேண்டியதில்லை. காணவில்லை என்ற உண்மையைச் சொன்னால் போதும்.

உங்கள் கணவரின் தமையன் சொல்வது முழுப்பொய் என்றும் சொல்லமாட்டேன். 2010-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கச் சட்டம், ஓராண்டுக்கு மேல் காணாமற்போனவருக்கு மரணப் பதிவு செய்ய இடம் தருகிறது. அது குறுக்கு வழி, செலவும் குறையலாம். ஆனால் அவர் இறந்துவிட்டதாக நம்புகிறேன் என்று நீங்களே சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டிவரும். வயிற்றுப்பாட்டுக்காக அப்படிக் கொடுத்த பெண்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அவர்கள் யாரும் கணவரைக் கைவிட்டவர்கள் இல்லை. உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால், யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 2016-ல் வந்த 16-ஆம் இலக்கத் திருத்தம், மரணம் என்று சொல்லாமல் "ஆள் காணவில்லை" என்றே ஒரு சான்றிதழ் தருகிறது. அதை வைத்துக் காணாமற்போனவரின் சொத்தைப் பராமரிக்கலாம், உதவித்தொகை கேட்கலாம். இரண்டு ஆண்டுக்குத் தருவார்கள், நீட்டிக்கலாம். உங்கள் மனுவுக்கும் அது பலம்.

ஏழு வருடக் கணக்கு இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இருந்தது. இப்போது 2023-ன் பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 111-ஆம் பிரிவு. ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவரே நிரூபிக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். ஏழு வருடம் முடிந்த அன்றே ஒருவர் தானாகச் செத்துப்போவதில்லை. முல்லைத்தீவுக் காணிக்கு அந்த நாட்டுச் சட்டம்தான்.

அடுத்தது அற்றோணி. நாங்கள் பவர் பத்திரம் என்போம். அவர் அனுப்பிய வாசகம் பொதுப் பவர்: விற்கலாம், ஈடு வைக்கலாம், பணமும் வாங்கலாம். அதைக் கொடுத்துவிட்டால் காணி போனது பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். போரில் விட்டுவந்த நிலம் என்றால் இந்தச் சீமைக்குப் புரியும். 1942-ல் ஜப்பான் படைக்குப் பயந்து பர்மாவிலிருந்து வந்தவர்களின் பத்திரங்கள் இன்னும் எத்தனையோ வீட்டு டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. பத்திரம் இங்கே, நிலம் வேறொருவர் கையில். இலங்கையில் எதிரிடையாகப் பத்தாண்டு ஆண்டவர் உரிமை கோரலாம். உங்கள் சம்மதத்தோடு பார்த்துக்கொள்பவருக்கு அந்த உரிமை கிடையாது. ஆகவே அந்தச் சம்மதம் எழுத்தில் இருக்கவேண்டும்.

மனு நடத்த மட்டும் அங்குள்ள ஒரு சட்டத்தரணிக்குத் தனிப் பவர் கொடுங்கள். சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். முகாம் வருவாய் ஆய்வாளரிடம் சொல்லிவிட்டுப் போய்வாருங்கள். பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். அங்கே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. இங்கே 1987-ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண் என்ற ஒரே காரணத்துக்காக உங்களுக்கு இலவச உதவி உண்டு, 15100-க்கு அழையுங்கள்.

அவரைத் தேடுவது தனி வேலை. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கிளை உண்டு. உறவினர் முறைப்பாடு கொடுக்கலாம். ஆனால் அதன் முடிவை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. காணாமற்போனவர்களைத் தேடும் கிளிநொச்சித் தாய்மார் 2017 பிப்ரவரி 20-லிருந்து வீதியில் இருப்பதும் அதை நம்பாததும் அந்தக் கோபத்தில்தான். அவர்கள் கோபம் நியாயம். இருந்தாலும் பதிந்து வையுங்கள், சான்றிதழுக்கு உதவும். அதைவிட முக்கியம், பாலத்தடியில் கண்டவர்களின் சத்தியக் கடதாசி. அவர்களுக்கும் வயதாகிறது. வடமாகாண சபையின் முன்னாள் உறுப்பினர் அனந்தி சசிதரன், அதேபோல் சரணடைந்து காணாமற்போன தம் கணவருக்காக ஆட்கொணர்வு மனுவில் போராடியதும் சரணடைந்ததைக் கண்ணால் கண்ட சாட்சியை வைத்துத்தான்.

தமையனோடு பகைக்க வேண்டாம். இந்த நாலு வரியைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்: "அத்தான், காணி என் சீதனம். என் சம்மதத்தோடு எனக்காக நீங்கள் பார்த்து வருகிறீர்கள். விற்பதற்கு நான் நீதிமன்றத்தில் மனுப் போடுகிறேன். அவர் இறந்தார் என்று நான் எதிலும் கையெழுத்து வைக்கவில்லை." வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள். அவர் "சரி" என்று ஒரு சொல் போட்டாலும் அழித்துவிடாமல், உறுதியோடு சேர்த்து அதன் அச்சுப்படியையும் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.