கேட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

"கொருக்குப்பேட்டையில் குடியிருக்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். தெருமுனையிலேயே மாநகராட்சி நடுநிலைப் பள்ளி இருக்கிறது. ஆனால் ரயில்வே கேட்டைத் தாண்டி, 3 கி.மீ. தள்ளியிருக்கும் மெட்ரிக் பள்ளியில் சேர்த்தால்தான் உருப்படுவாள் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். கேட் போட்டால் அரை மணி நேரம் நிற்க வேண்டும். என்ன செய்யலாம்?" - ஒரு வாசகி

காலை எட்டு மணிக்கு, புத்தகப் பையோடு மகளை அழைத்துக்கொண்டு அந்த மெட்ரிக் பள்ளிவரை ஒருமுறை போய்ப் பாருங்கள். மாலையில் அதே வழியில் திரும்புங்கள். கல்வி உரிமைச் சட்ட விதிகள் ஐந்தாம் வகுப்புவரை 1 கி.மீ., எட்டுவரை 3 கி.மீ. தூரத்துக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. வட சென்னையில் தூரத்தை அப்படி அளக்க முடியாது. குறுக்கே தண்டவாளம், கால்வாய், துறைமுகத்துக்கு வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகள். களைத்து வரும் பிள்ளைக்கு வீட்டுப்பாடம், விளையாட்டு, தூக்கம் மூன்றில் ஒன்று தினமும் குறையும். பெண்பிள்ளை வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்தச் சொல்பவர்கள் முதலில் சொல்வதும் 'தூரம்' என்பதைத்தான்.

சொந்தக்காரர்கள் யோசிக்காத ஒன்றும் இருக்கிறது. மருத்துவப் படிப்பில் 2020 முதல் நடைமுறையில் உள்ள 7.5 சதவீத உள்ஒதுக்கீடும், 2022இல் நம் பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கிவைக்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி மாணவிகளுக்குத் தரும் மாதம் 1,000 ரூபாயும், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியவை. மாநகராட்சிப் பள்ளியும் அதில் சேரும். மெட்ரிக்கில் கட்டணம் கட்டிப் படித்துவிட்டு ஒன்பதாவதில் திரும்பினால் இரண்டும் கிடைக்காது.

அதற்காகப் பக்கத்துப் பள்ளியில் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கச் சொல்லவில்லை. கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, எட்டு முடித்த பிள்ளைகள் எந்த மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள், அங்கே என்னென்ன பாடப்பிரிவுகள் உண்டு என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால், நானாக இருந்தால் இங்கேதான் சேர்ப்பேன்.

உருப்படக் கேட்டைத் தாண்ட வேண்டும் என்ற பேச்சு எனக்கு வலிக்கிறது. வசதியுள்ளவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போகும்போது, பள்ளியில் நின்று கேள்வி கேட்கும் பெற்றோரும் போய்விடுகிறார்கள். சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அதில் நீங்கள் உட்காருங்கள். ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் அங்கே தீர்மானம் போட்டு அனுப்பலாம்.

வீடு மாற நேர்ந்தாலும் பயம் வேண்டாம். எட்டாம் வகுப்புவரை வேறு அரசுப் பள்ளிக்கு மாறும்போது தலைமையாசிரியர் டி.சி.யை உடனே தர வேண்டும். அது தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது.