நிலாவெளி மணலில் போகன்வில்லாவும் எக்சோராவும்: ஒரே பராமரிப்பு இரண்டுக்கும் சரிவராது

கேள்வி: வணக்கம் ஐயா. நிலாவெளியில் கடற்கரைக்குக் கிட்டத்தான் எங்கள் வளவு. வீட்டோடு சின்னதாகப் பூக்கன்று உற்பத்தி செய்து ஹோட்டல்காரருக்கும் அயலில் உள்ளவர்களுக்கும் விற்கிறேன். தாய்ச்செடிகளுக்காக மதில் ஓரம் ஒரு பக்கம் போகன்வில்லாவும் மற்றப் பக்கம் சிவப்பு எக்சோராவும் நட்டு இரண்டு வருடமாகிறது. இரண்டுக்கும் தினமும் பின்னேரம் கிணற்றுத் தண்ணீர், மாதம் ஒருமுறை யூரியா, இடைக்கிடை அடுப்புச் சாம்பல். போகன்வில்லா மதிலுக்கு மேலால் வளர்ந்துவிட்டது, பூ மட்டும் இல்லை. எக்சோரா மஞ்சளடித்துக் குறண்டிப்போய் நிற்கிறது. எதை வைத்திருப்பது, எதைப் பிடுங்குவது?

பதில்: வணக்கம் தங்கச்சி. ஒன்றையும் பிடுங்க வேண்டாம். நீங்கள் கவனிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை, ஆனால் இரண்டையும் ஒரே மாதிரிக் கவனிக்கிறீர்கள், வினை அதில்தான் இருக்கிறது. போகன்வில்லா பிரேசில் பக்கத்துச் செடி, வெயிலும் வறட்சியும் அதற்குப் பழக்கம். எக்சோரா, அதாவது வெட்சி, நம் இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் சொந்தமான பற்றை, இலைமக்கு உள்ள, சற்றுப் புளிப்பான, ஈரம் காக்கிற மண்தான் அதற்குப் பிடிக்கும். நம்மூர்ச் செடிதானே, நம்மூரில் எங்கே நட்டாலும் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். கடற்கரை மணல் அதற்குச் சொந்த மண் இல்லை.

முதலில் போகன்வில்லா. இதற்குத் தண்ணீரும் யூரியாவும் தாராளமாகக் கிடைத்தால் அது பூக்க வேண்டிய தேவையே இல்லாமல் கொடியும் இலையுமாக ஓடும், உங்கள் மதிலில் நடந்திருப்பது அதுதான். நாம் பூ என்று பார்க்கும் நிறம் உண்மையில் பூவைச் சுற்றியிருக்கும் நிற இலைகள், நடுவில் மூன்று சின்ன வெள்ளைக் குழாய்களாக இருப்பவைதான் பூ. செடிக்கு வேரில் கொஞ்சம் தாகம் தட்டும்போதுதான் அந்த நிற இலைகளை அது நிறையத் தள்ளும். இரவு நீளமான காலத்திலும் நன்றாகப் பூக்கும், ஆனால் திருகோணமலையில் வருடம் முழுக்கப் பகலும் இரவும் பெரிதாக மாறாதபடியால் நம் கையில் இருக்கும் திறப்பு தண்ணீர்தான்.

யூரியாவை இன்றோடு நிறுத்துங்கள். நீண்ட கொடிகளைப் பாதிக்கு வெட்டிவிடுங்கள் (தடித்த கையுறை போட்டுக்கொண்டு, முள் ஆழமாக ஏறும்). வெட்டியபின் வரும் புதுத் தளிர்களின் நுனியில்தான் பூ பிடிக்கும். தளிர் ஒரு சாண் அளவு வந்ததும் தண்ணீரைக் குறையுங்கள். நிலத்தில் வேர் பிடித்த இரண்டு வருடச் செடி கோடையிலும் வாரம் ஒரு தண்ணீரோடு நிற்கும், அந்த ஒரு தண்ணீரை ஆழமாக ஊற்றுங்கள். காலையிலேயே இலை இலேசாகத் தொங்கினால் அப்போது ஊற்றலாம், உச்சி வெயிலில் தொங்குவதைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். பசளை போடத்தான் வேண்டும் என்றால் தழைச்சத்து (யூரியாவில் உள்ள நைதரசன்) குறைந்து சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடியதாகக் கொஞ்சமாய்ப் போடுங்கள். ஒரு நாளில் ஐந்தாறு மணித்தியாலம் நேர் வெயில் கட்டாயம் வேண்டும், அது உங்கள் மதிலில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். வேறு ஒன்றும் அது கேட்காது.

எக்சோராதான் கூடுதல் கதை. நீங்கள் அனுப்பிய படத்தில் நுனி இலைகள் எலுமிச்சை மஞ்சளாக இருக்க நரம்புகள் மட்டும் பச்சை வலைபோலத் தெரிகின்றன, அடி இலைகள் ஓரளவு பச்சையாகவே இருக்கின்றன. தழைச்சத்துக் குறைந்தால் முதலில் அடி இலைதான் முழுதாக மஞ்சளாகும். இளம் இலையில் நரம்பு பச்சையாக, இடைவெளி மஞ்சளாக வந்தால் அது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பே இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. மண் புளிப்புக்கு எதிராகக் காரமாக இருப்பதால் உள்ள இரும்பு கரையாமல் கட்டுண்டு கிடக்கிறது, வேருக்கு எடுக்க முடியவில்லை. அதனால்தான் எவ்வளவு யூரியா போட்டாலும் அந்த மஞ்சள் மாறவில்லை.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். எக்சோராவின் அடியில் ஒரு கை மண் எடுத்து வெயிலில் காயவைத்து, ஒரு சிரட்டையில் போட்டு, மேலே வினாகிரி ஊற்றுங்கள். சுர்ரென்று நுரைத்தால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து மணலில் சிப்பியும் சங்கும் பவளத் துணுக்குகளும் பொடிந்து கிடக்கின்றன, அவ்வளவும் சுண்ணாம்புதான். அதற்கு மேல் மதில் கட்டும்போது விழுந்த சீமெந்து, அதற்கும் மேல் நீங்கள் போட்ட அடுப்புச் சாம்பல். சாம்பலும் மண்ணைக் காரமாக்கும், எக்சோராவுக்கு இனி ஒரு கரண்டி கூடப் போடாதீர்கள். முட்டைக்கோதும் வேண்டாம்.

இருக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு மருந்து அடித்துக்கொண்டே இருப்பது எனக்கு விருப்பமில்லை, அது முடிவில்லாத செலவு. மழை தொடங்கும் ஒக்டோபரில் மதிலை விட்டுக் குறைந்தது மூன்றடி தள்ளி, தென்னை நிழல் மத்தியானத்துக்குப் பிறகு விழுகிற இடமாகப் பார்த்து, ஒன்றரையடிக் குழி வெட்டி அந்த மணலை வெளியே போட்டுவிடுங்கள். கடலோரம் விட்டு உள்ளுக்குப் போனால் கிடைக்கும் செம்மண் இரண்டு பங்கு, நன்றாக உக்கிய மாட்டெரு ஒரு பங்கு, இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசிய தும்புத்தூள் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். அலசாத தும்பில் உப்பு இருக்கும், அந்த வேலையை விட்டுவிடாதீர்கள். செடியை மூன்றில் ஒரு பங்கு கவ்வாத்து செய்து, வேர்மண் உடையாமல் எடுத்து நடுங்கள். மேலே சருகு மூடாக்கு கனமாகப் போடுங்கள். அது உக்க உக்க மண் எக்சோராவுக்குப் பிடித்த மாதிரி மாறிவரும்.

அதுவரைக்கும் செடிக்கு உயிர் கொடுக்க, இரும்பு சல்பேட்டை ஒரு லீற்றர் தண்ணீருக்கு 2 கிராம் கரைத்துச் சில துளி தேசிக்காய்ப்புளி விட்டு, பின்னேரம் இளம் இலையில் படும்படி தெளியுங்கள், இரண்டு கிழமைக்கு ஒருமுறை போதும். சீமெந்துத் தரையில் சிந்தினால் கறை போகாது, கவனம். வேரில் போட வேண்டும் என்றால் கடையில் இரும்புக் கீலேட் (இரும்பு மண்ணில் கட்டுண்டு போகாமல் காக்கும் பசளை) கேட்கும்போது ஈ.டி.டி.எச்.ஏ. வகை என்று சொல்லிக் கேளுங்கள். மலிவாகக் கிடைக்கும் ஈ.டி.டி.ஏ. வகை நம் கார மண்ணில் அதிகம் நிற்காது. பழைய மஞ்சள் இலையைப் பார்த்து மனம் சோர வேண்டாம், புதிதாக வரும் இலை பச்சையாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

தண்ணீர் விஷயமும் இருக்கிறது. கடலுக்குக் கிட்டிய கிணறு கோடை முற்ற முற்ற உவர்க்கும். போகன்வில்லா அதை ஓரளவு தாங்கும், வாடைக் காலத்தில் கடலில் இருந்து வரும் உப்புக் காற்றையும் தாங்கும். எக்சோராவுக்கு இலை ஓரம் கருகும். உங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்க விவசாயப் போதனாசிரியரிடம் ஒருதரம் கேளுங்கள். மாரியில் பீலித் தண்ணீரைப் பரலில் பிடித்து வைத்தால் அதை எக்சோராவுக்கே ஒதுக்குங்கள், போகன்வில்லாவுக்கு ஒரு வாளியும் கொடுக்க வேண்டாம். எக்சோராவின் மண் காயவே கூடாது, கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஒருநாள் விட்டு ஒருநாளாவது தண்ணீர் வேண்டும். அப்புறம், பூ முடிந்த கொத்தை மட்டும் கிள்ளுங்கள், வேலிபோல அடிக்கடி மட்டம் வெட்டினால் நுனி மொட்டெல்லாம் போய்விடும். தண்டில் எறும்பு ஏறி இலை கறுத்தால் செதில்பூச்சியோ வெண்பூச்சியோ இருக்கிறது, வேப்பெண்ணெயும் சவர்க்காரமும் கரைத்து அடியுங்கள்.

இனி விற்பனை. நிலத்தில் நட என்று கேட்கும் கடற்கரை ஹோட்டல்களுக்குப் போகன்வில்லாவைத்தான் கொடுங்கள், அந்த மணலில் எக்சோராவைக் கொடுத்தால் ஒரு வருடத்தில் மஞ்சளடித்து உங்கள் பெயர்தான் கெடும். வெளிநாட்டுக்காரர் நம் பக்கம் கூடுதலாக வருவது மே முதல் செப்டெம்பர் வரை, அதுவே வறண்ட காலம், போகன்வில்லா கொட்டிப் பூக்கும் காலமும் அதுதான். பெப்ரவரி கடைசியில் சாடிச் செடிகளை வெட்டிவிட்டால் மே மாதம் நிறத்தோடு விற்கலாம். சின்னச் சாடியில் வேர் நெருங்கி நின்றால் இன்னும் நல்லாகப் பூக்கும், பெரிய சாடிக்கு மாற்ற அவசரப்படாதீர்கள். மாற்றும்போது வேர்மண்ணை உதறக் கூடாது, அதன் மெல்லிய வேர் சட்டென்று அறும். எக்சோராவைச் செம்மண் கலவைச் சாடியோடு, கோயில் மாலைக்குப் பூ வேண்டும் என்று கேட்கிற உள்ளூர் வீடுகளுக்குக் கொடுங்கள், சாம்பல் போட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள்.

போகன்வில்லாவில் இப்போது வெட்டும் கொடிகளை எறிய வேண்டாம், பென்சில் தடிப்பில் முற்றியதாகப் பார்த்து ஆறு எட்டு அங்குலத் துண்டுகளாக நிழலில் ஊன்றலாம். எக்சோராவில் மட்டும் இப்போது தடி எடுக்க வேண்டாம். மஞ்சள் செடியின் தடி வேர் விடத் தடுமாறும், புது இலை பச்சையாக வந்து ஒரு சுற்றுப் பூத்தபின் எடுங்கள்.