வாசகர் கேள்வி: வந்து முடிந்த எண்ணெயை எதற்குத் திரும்பக் கணக்கிட வேண்டும்?

கேள்வி: என் மகன் கட்டாரில் ஓர் எண்ணெய்க் கம்பனியில் எஞ்சினியர். மூன்று மாதமாக ‘ஹிஸ்டரி மேட்சிங்’ செய்கிறானாம். பழைய வருடங்களில் கிணறுகளில் வந்ததைக் கணனியிலும் அப்படியே வரச் செய்ய வேண்டுமாம். வந்து முடிந்ததைக் கணக்குப் போட்டு என்ன பயன் ஐயா?
- ஒரு தகப்பன், கல்முனை

பதில்: இதே வேலையை நானும் வளைகுடாவில் பதினான்கு வருடம் செய்தேன். இப்போது கல்லடியில் இருக்கிறேன். எங்கள் கிணற்றில் வாளியால் அள்ளினால் நல்ல தண்ணீர். மோட்டரைப் போட்டு ஒரு மணித்தியாலம் இறைத்தால் உவர் தட்டும். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவே மணல். அந்த மணலுக்குள் உப்புத் தண்ணீருக்கு மேலே மழைத் தண்ணீர் மிதக்கிறது. அவசரப்பட்டு இழுத்தால் கீழே கிடப்பது கூம்பாக எழும்பி வரும். பல எண்ணெய்க் கிணறுகளிலும் இதே கதைதான். எண்ணெய்க்குக் கீழே தண்ணீர் காத்திருக்கும்.

அந்தத் தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்லத்தான், நிலத்துக்கடியில் உள்ளதைக் கணனியில் கட்டும் மாதிரி. ஆனால் கிணறு தோண்டிய இடத்தில் மணிக்கட்டுப் பருமனில் கொஞ்சம் பாறைதான் கைக்கு வரும். அடுத்த கிணறு எங்கேயோ தள்ளி இருக்கும். இடையில் உள்ளதெல்லாம் ஊகம். அதை லட்சக்கணக்கான கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு துளை, எண்ணெய் எவ்வளவு இலேசாக ஊடுருவும் என்று எண் கொடுப்போம். ஊடுருவலை டார்சி என்ற அலகில் அளக்கிறோம். பிரான்ஸில் திஜோன் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஹென்றி டார்சி மணலில் செய்த பரிசோதனையை 1856இல் வெளியிட்டார், அவர் பெயர்தான் அது.

சரி, உண்மையில் எடுத்த எண்ணெய் அளவைக் கொடுத்து மாதிரியை ஓட விடுவோம். அழுத்தம் எப்படி இறங்கியது, தண்ணீர் எந்த வருடம் எட்டிப் பார்த்தது என்று அது சொல்லும். கிணற்றில் அளந்ததோடு ஒத்து வராவிட்டால் எங்கள் ஊகத்தைத் திருத்த வேண்டும். பெரும்பாலும் முதலில் எண்ணெய் வயல் முழுவதன் அழுத்தம், அப்புறம் தண்ணீர், கடைசியில் கிணறு கிணறாக.

நான் பிழை விட்டதும் அந்தக் கடைசி இடத்தில்தான். ஒரு கிணற்றில் மாதிரி சொன்னதற்கு இரண்டு வருடம் முந்தியே தண்ணீர் வந்திருந்தது. கிணற்றைச் சுற்றி ஒரு பெட்டி கீறி, அதற்குள் ஊடுருவலைப் பத்தால் பெருக்கினேன். திரையில், அளந்ததைக் காட்டும் சிவப்புப் புள்ளிகளின் மேல் மாதிரியின் நீலக்கோடு அப்படியே படிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அதை நம்பி, அந்தப் பக்கம் பாறைக்குள் தண்ணீர் பரவிவிட்டது, புதுக் கிணறு வேண்டாம் என்று விட்டோம். பிறகு குழாய்க்கு வெளியே உள்ள சீமெந்தைச் சோதித்தார்கள். அது பாறையோடு சரியாகப் பிடிக்கவில்லை. கீழ்த்தட்டுத் தண்ணீர் அந்த இடுக்கால் ஏறியிருக்கிறது. பாறையில் ஒரு குறையும் இல்லை. அங்கே கிடந்த எண்ணெயைக் கணக்கிலிருந்து அழித்தது என் பெட்டிதான்.

ஒரே வரலாற்றுக்குப் பல மாதிரிகள் பொருந்தும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. அதனால் இப்போது நூறு மாதிரிகளைக்கூட ஒன்றாக ஓட்டிச் சேர்த்துத் திருத்துகிறார்கள். அதற்கான ஒரு முறை, எவென்சன் என்பவர் 1994இல் கடல் நீரோட்டக் கணக்குக்காகக் கொடுத்தது. அளவுகளையும் அப்படியே நம்ப முடியாது. பல கிணறுகளின் எண்ணெய் ஒரே குழாயில் சேரும். ஒவ்வொன்றையும் இடைக்கிடை தனியே அளந்து, மற்ற நாட்களுக்குப் பங்கிட்டு எழுதுவார்கள்.

மூன்று மாதம் அதிகமில்லை. மகன் அடுத்த முறை கதைக்கும்போது ஒன்று கேளுங்கள்: “கடைசி இரண்டு வருட அளவை மறைத்து வைத்து, மாதிரி அதைத் தானாகச் சொல்கிறதா என்று பார்த்தாயா?”

கேள்வி: மன்னார்க் கடலிலும் எரிவாயு இருக்கிறதே, அதற்கும் இப்படிச் செய்யலாமா?
- ஆசிரியை, அக்கரைப்பற்று

பதில்: 2011இல் அங்கே டொராடோ, பரகுடா என்ற இரண்டு கிணறுகளில் எரிவாயு கண்டார்கள். மாதிரி செய்யலாம். ஆனால் பொருத்திப் பார்க்க உற்பத்தி வரலாறு வேண்டும். வாயு எடுக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த வேலை.