நீங்கள் எடுத்ததில் உங்களுக்குப் பிடித்த படம் எது, அதை எப்படி எடுத்தீர்கள்?

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களிடம் பிடித்த படம் ஒன்றைக் கேட்டு, அதன் கதையையும் எடுத்த விதத்தையும் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். ஒன்று கேட்ட இடத்தில் மூன்று சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கணக்குப் போட்டு எடுத்தது, ஒன்று தற்செயலாகக் கிடைத்தது, மூன்றாவதில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

அதற்கு முன்னால் ஒரு குறை. இந்த மாதிரிக் கேள்விகளுக்கு வரும் பதில்களில் பாதி, எஃப்/8, 1/250, ஐ.எஸ்.ஓ. 400 என்று மூன்று எண்களோடு முடிந்துவிடும் (லென்ஸின் திறப்பான அப்பர்ச்சர், ஷட்டர் திறந்திருக்கும் நொடி, கேமராவின் ஒளியுணர்வு; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது). அந்த எண்களைக் கேமராவே படக் கோப்புக்குள் எக்ஸிஃப் தகவலாக எழுதி வைத்துவிடுகிறது, நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த எண்ணுக்கு ஏன் போனோம், அதற்கு முன் என்னென்ன சரிப்படவில்லை, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, எடுத்தவர் நின்றாரா மண்டியிட்டாரா, இதையெல்லாம் எந்தக் கோப்பும் எழுதி வைக்காது. இவை தெரியாமல் அதே எண்களை வைத்து நீங்கள் எடுத்தால் அதே படம் வரவே வராது.

சரி, நிலா. கேமரா கைக்கு வந்த முதல் வாரத்திலேயே எல்லோரும் அதை நிலாப் பக்கம் திருப்புவார்கள், எல்லோருக்கும் கிடைப்பதும் ஒரே படம்தான், கறுப்பில் ஒரு வெள்ளைப் பொட்டு. எனக்கும் அதுவேதான். என் கேமரா மட்டம் என்று முடிவு கட்டி ஆறு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. உண்மையில் தப்பு அதன்மேல் இல்லை. ஆட்டோவில் வைத்தால் அது ஃபிரேம் முழுவதற்கும் சராசரி பார்க்கிறது. ஃபிரேமில் பெரும்பகுதி இருட்டு வானம், ஆகவே வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்கிறது, நிலா வெளுத்துப் போகிறது. இரவு நமக்குத்தான் என்பதை மறந்துவிடுகிறோம். நமக்குத் தெரியும் அந்தப் பக்கத்தில் அப்போது சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது. வெயிலில் கிடக்கும் பாறையை எப்படி எடுப்போமோ அப்படித்தான் அதையும் எடுக்க வேண்டும்.

பிலிம் காலத்திலிருந்தே இதற்கு ஒரு வாய்க்கணக்கு உண்டு. பட்டப்பகல் வெயிலுக்கு அப்பர்ச்சர் எஃப்/16, ஷட்டர் வேகம் ஐ.எஸ்.ஓ. எண்ணில் ஒரு பங்கு, அதாவது ஐ.எஸ்.ஓ. 100 என்றால் 1/100 நொடி. முழுநிலாவுக்கு எஃப்/11 என்று வைத்துக்கொள்வார்கள். பார்க்க வெள்ளையாக இருந்தாலும் நிலாவின் தரை பழைய தார்ச்சாலை அளவுக்குத்தான் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. நான் எடுத்தது அரைநிலா. முழுநிலாவில் வெயில் நம் முதுகுப் பக்கத்திலிருந்து நேராகப் போய் விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது, தட்டையாகத் தெரியும். அரைநிலாவிலோ வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டையொட்டி நிழல்கள் நீண்டு விழும், பார்க்க வேண்டியதெல்லாம் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. ஆனால் அது முழுநிலாவைவிட மங்கல், ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் கூடுதலாகத் திறக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்). எஃப்/5.6, 1/125, ஐ.எஸ்.ஓ. 100 என்று நான் வந்து நின்றது இந்த வழியில்தான்.

என்னிடம் இருந்தது 250 மி.மீ. வரை நீளும் சாதாரண லென்ஸ். அந்த மி.மீ. அளவை, அதாவது குவியத்தூரத்தை, 110-ஆல் வகுத்தால் கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் நிலா எத்தனை மில்லிமீட்டர் அகலத்துக்கு விழும் என்று தெரிந்துவிடும், 250-க்கு இரண்டே கால் மில்லிமீட்டர். அவ்வளவுதான்! என் சென்சாரின் உயரத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை, ஆகவே வெட்டித்தான் ஆக வேண்டும். கிராப் செய்வதை ஏதோ குற்றம் மாதிரி மறைப்பவர்கள் இருக்கிறார்கள், நானும் கொஞ்ச நாள் மறைத்தேன். ஃபிரேமை அப்படியே முழுதாக அச்சிட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன், 1932-இல் பாரிஸின் சேன்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒருவர் தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிப்பதைப் பலகை வேலியின் இடுக்கு வழியாக எடுத்தார். இடுக்கு சிறியது, ஃபிரேமின் ஓரத்தைப் பலகை மறைத்துவிட்டது, வெட்டினார். அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் படம்தான்.

ட்ரைபாடில் வைத்தும் முதல் முப்பது படங்கள் ஆடியிருந்தன. காரணம் என் விரல். பொத்தானை அழுத்துகிற அழுத்தமே போதும் அதை ஆட்ட. இரண்டு நொடி டைமர் போட்டேன், லென்ஸில் இருந்த அதிர்வுத் தடுப்பை அணைத்தேன், சரியாகிவிட்டது. ஃபோகஸுக்கு ஆட்டோவை நம்பாமல், திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி ஒரு பள்ளத்தின் விளிம்பு கூர்மையாகும்வரை வளையத்தைத் திருப்பினேன். வானத்தில் தன் அகலம் அளவுக்கு நகர நிலாவுக்கு இரண்டு நிமிடம் போதும் என்பதால் பெரிதாக்கிய திரையில் அது நடந்து போவது கண்ணுக்கே தெரியும், நாம் சரி செய்து முடிப்பதற்குள் திரையை விட்டு ஓடியிருக்கும், மறுபடி தேட வேண்டும். அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது எடுக்காதீர்கள், இடையில் இருக்கும் காற்று கானல் மாதிரி அலைந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். நல்ல உயரத்துக்கு ஏறட்டும்.

நிலாவின் வெளிச்சத்தை மனப்பாடமாக வைத்திருந்தே பிழைத்துப்போன ஒரு படம் உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் எர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலா எழுவதை அந்நாட்டுப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் எடுத்தது. காரில் போய்க்கொண்டிருந்தவர் கல்லறைச் சிலுவைகள்மேல் கடைசி வெயில் விழுவதைப் பார்த்து அவசரமாக நிறுத்தி, பெரிய கேமராவைத் தூக்கி நிறுத்திவிட்டார், ஒளிமானியைத் தேடினால் காணவில்லை. நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவர் நினைவில் இருந்தது, அதை வைத்தே கணக்குப் போட்டு அழுத்தினார். இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. எல்லோரும் சொல்லும் கதை இதோடு முடியும். எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி. இத்தனை துல்லியமாகக் கணக்குப் போட்டவருக்கு எந்த ஆண்டு எடுத்தோம் என்பது பின்னால் சரியாக நினைவில்லை, வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு ஆண்டுகளைப் போட்டிருக்கிறார். கடைசியில் படத்திலிருக்கும் நிலாவின் இடத்தை வைத்து வானியல் கணக்குப் போட்டுத்தான் 1941 நவம்பர் 1 என்று முடிவானது. இதைப் படித்த நாளிலிருந்து நான் எடுத்த அன்றே நோட்டில் இரண்டு வரி எழுதி வைக்கிறேன்.

இரண்டாவது, நீர்த்துளி. இதற்குத்தான் என் குடும்பத்தார் என்னை ரொம்பப் பொறுத்துக்கொண்டார்கள். ஒரு அகலமான கறுப்புத் தட்டில் விளிம்புவரை தண்ணீர், அதற்கு மேலே சுமார் நாற்பது சென்டிமீட்டர் உயரத்தில் ஊசியால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பை, பின்னால் நீலநிற அட்டை. அந்த அட்டையைப் பார்த்துத் திருப்பிய ஃபிளாஷ். ஃபிளாஷைத் தண்ணீர் மேல் நேராக அடித்தால் துளியில் ஒரு அசிங்கமான வெள்ளைத் திட்டுதான் தெரியும், அட்டையில் அடித்தால் துளிக்குள் அந்த நீலம் முழுவதும் இறங்கும். கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாலை ஆனது.

துளியை உறைய வைப்பது ஷட்டர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஷட்டர் 1/200-தான், அந்த நேரத்துக்குள் துளி ஒன்றரை சென்டிமீட்டர் விழுந்துவிடும். உறைய வைப்பது ஃபிளாஷ். அதன் சக்தியை மேனுவலில் 1/32-க்குக் குறைத்தால், வெளிச்சம் குறைவது மட்டுமில்லை, அது எரியும் நேரமே பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் கீழே போய்விடுகிறது. அறையை இருட்டாக்கிவிட்டால் கேமராவைப் பொறுத்தவரை அந்தக் கணம் மட்டும்தான் உலகம். சக்தியைக் கூட்டினால் படம் நன்றாக வரும் என்று நினைத்து முழுச் சக்தியில் வைத்து, துளிக்கு வால் முளைத்த படங்களாக ஒரு நூறு எடுத்தேன். ஃபோகஸுக்கு, துளி விழும் இடத்தில் ஒரு பென்சிலை நிறுத்தி அதன்மேல் சரி செய்துவிட்டு, மேனுவலுக்கு மாற்றிப் பென்சிலை எடுத்துவிட வேண்டும். அப்பர்ச்சர் எஃப்/11, கிட்டத்தில் எடுக்கும்போது அதற்கும் சில மில்லிமீட்டர்தான் தெளிவாக இருக்கும்.

பென்சிலைப் பிடித்துக்கொண்டிருந்தவன் என் மகன். "அம்மா, தண்ணி சும்மா சொட்டுது, அதுக்கு எதுக்கும்மா இத்தனை?" என்றான். முதல் நாள் முடிவில் எனக்கும் அதே கேள்விதான். அந்த உயரத்திலிருந்து துளி விழ ஏறக்குறைய 0.29 நொடி ஆகும். நம் கண் பார்த்துக் கை அசைய அதற்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகிவிடும். துளி கிளம்புவதைப் பார்த்த உடனே அழுத்தினால்தான் உண்டு, யோசித்தால் போச்சு. கொஞ்ச நேரத்தில் பார்ப்பதையே விட்டுவிட்டேன், சொட்டு விழும் தாளத்தைக் காதால் பிடித்துக்கொண்டு அதற்கு அழுத்தினேன். சுமார் நானூறு படங்கள். அதில் பதினொன்று தேறின. பிடித்தது ஒன்று: முதல் துளி எழுப்பிய தண்ணீர்த் தூணின் உச்சியில் அடுத்த துளி வந்து மோதிக் குடையாக விரிந்திருந்தது. பையின் ஓட்டை கொஞ்சம் கிழிந்து இரண்டு துளிகள் அடுத்தடுத்து விழுந்ததால் வந்தது அது. என் திறமை எதுவும் இல்லை. அதைச் சொல்லாமல் "காத்திருந்து பிடித்தேன்" என்று எழுத ஆசையாகத்தான் இருந்தது.

அந்தத் தூணுக்கு ஆர்தர் வொர்த்திங்டன் என்ற ஆங்கிலேய இயற்பியலாளரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பல ஆண்டுகள், இருட்டறையில் ஒரு மின்பொறியின் வெளிச்சத்தில் துளி சிதறுவதைக் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தார். வரைந்ததெல்லாம் அழகான, சுற்றிலும் சமமான கிரீடங்கள். 1894 வாக்கில் அவருக்குப் புகைப்படமாகவே எடுக்க முடிந்தபோது பார்த்தால், கிரீடங்கள் கோணலும் மாணலுமாக இருந்தன. கண் பார்த்ததை மனது அதுவாகவே ஒழுங்குபடுத்தியிருக்கிறது. அதை அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். படத்தின் கதையைச் சொல்ல உட்காரும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவு வரும், நாமும் கதையில் அதே வேலையைத்தான் செய்கிறோம்.

மூன்றாவதுக்கு வருகிறேன். சிலந்தி வலை, இழை இழையாகத் துளிகள் கோத்தது. எனக்கு அதிகப் பாராட்டு வாங்கித் தந்தது இதுதான். தாழ்ந்த சூரியன் வலைக்குப் பின்னால், அதற்கும் பின்னால் நிழலில் கிடக்கும் புதர், ஆகவே பின்னணி கறுப்பு, துளிகள் மட்டும் மின்னும். சென்சாரை வலைக்கு இணையாக வைத்தால் எஃப்/8 போதும், முழு வலையும் கூர்மையாக வரும், கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பக்கம் கரைந்துபோகும். வலை காற்றில் ஆடுவது நிற்கும்வரை மூச்சைப் பிடித்து எடுத்தேன். இதெல்லாம் உண்மை. இணையத்தில் ஏற்றியபோது "அதிகாலைப் பனித்துளி" என்று கீழே எழுதியதுதான் உண்மையில்லை. நேரம் மாலை ஐந்தரை, துளிகள் செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரேயரிலிருந்து வந்தவை.

ஒருவர் மட்டும் கேட்டார், "வலை முழுக்க நனைந்திருக்கிறதே, அதைத் தாங்கும் இலைகள் எப்படிக் காய்ந்திருக்கின்றன?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முதலில் மழுப்பலாக ஏதோ எழுதி, அழித்து, ஒரு மணி நேரம் கழித்து ஸ்ப்ரேயர் என்று எழுதினேன். வேடிக்கை என்னவென்றால் அதற்குப் பிறகுதான் உருப்படியான உரையாடலே நடந்தது. எந்த அளவு நுண்மையாகத் தெளிக்க வேண்டும், எவ்வளவு தள்ளி நின்று தெளித்தால் வலை அறுந்துபோகாது, சிலந்தி என்ன செய்தது (ஓரத்துக்கு ஓடி, பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது) என்று நாலு பேர் கேட்டார்கள். பனித்துளி என்று இருந்தவரை எல்லோரும் "அருமை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

தெளிப்பது தப்பா? என்னைக் கேட்டால் இல்லை, சொல்லாமல் விடுவதுதான் தப்பு. ஒரே விஷயத்தில் மட்டும் நேர்மாறாகச் செய்கிறேன்: பறவைக் கூடு எதையாவது எடுத்தால் இடத்தைச் சொல்வதில்லை, ஏற்றுவதற்கு முன் எக்ஸிஃபிலிருந்தும் இடக்குறிப்பை நீக்கிவிடுகிறேன். ஆட்கள் கூட்டமாகப் போய் நின்றால் தாய்ப்பறவை கூட்டை விட்டே போய்விடலாம்.

இப்போது நோட்டில் முடியாமல் கிடப்பது மின்னல். ஜன்னலுக்கு உள்ளே ட்ரைபாட், ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8, 20 நொடி, ஒன்று முடிந்ததும் அடுத்தது. 20 நொடி என்பது மின்னல் வந்து மாட்டிக்கொள்ளத்தான், அதன் பிரகாசத்தை அப்பர்ச்சர்தான் தீர்மானிக்கிறது, ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் மின்னல் வந்து போவது கண நேரம்தானே. இதுவரை 140 படங்கள். 138 வெறும் இருட்டு, ஒன்றில் ஃபிரேமுக்கு வெளியே அடித்த மின்னலின் வெளிச்சம், இன்னொன்றில் கண்ணாடியில் என் முகம். கிடைத்தால் இதே பதிலில் சேர்க்கிறேன்.